நாமா, நாங்களா?

உத்திரமேரூர்,
5.1.1979

சிரஞ்சீவி பச்சமுத்துவுக்கு அப்பாவின் ஆசிகள். இங்கு நானும் உன் மனைவி பவளமும் சுகம். பம்பாயில் உன் சுகத்தை எழுதவும்.

பதற்றத்தில் எதையாவது விட்டுவிடுவேனோ என்று முதலில் வரிசைப்படுத்திக்கொள்கிறேன்:
1. பவளத்துக்கு நீ கொடுத்த தந்தி.
2. ஆங்கிலத்தின் குறையால் அதில் வந்த குழப்பம்.
3. பவளத்தின் வேலை.

தந்தி செவ்வாய்க்கிழமை வந்தது. 'ஹவுஸ் ரெடி. வீ ஷிஃப்ட் ஆஃப்டர் பொங்கல்.' வீடு தயார், பொங்கல் கழித்துக் குடிபோகிறோம் என்று அவளுக்குச் சொன்னேன். உடனே கேட்டாள்: "இன்னா மாமா, நாமன்னு போட்டுகீதா, நாங்கன்னு போட்டுகீதா?"

பழைய ஆங்கில இலக்கணப் புத்தகத்தைத் தேடி எடுத்தேன். பிரதிப்பெயர்களில் ஆளைக் குறிப்பவை, உடைமையைக் குறிப்பவை, சுட்டுபவை, வினவுபவை, இன்னாரென்று சொல்லாதவை என்று பிரித்திருக்கிறார்கள். 'வீ' ஆளைக் குறிப்பது, தன்மைப் பன்மை. அவ்வளவுதான். கேட்பவரைச் சேர்த்தால் நாம், சேர்க்காவிட்டால் நாங்கள் என்று நமக்கிருக்கும் பிரிவு அவர்களுக்கு இல்லை. என்னைக் கேட்டால் 'வீ'யை இன்னாரென்று சொல்லாதவற்றோடு வைத்திருக்கலாம். எனக்கு அவ்வளவு தெரியாது.

ஆனாலும் அவளிடம் 'நாம்' என்றுதான் சொன்னேன். அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டு வேறு சொல்ல வரவில்லை.

கோழிகளைப் பக்கத்து வீட்டுச் சொக்கம்மாளிடம் கொடுத்துவிட்டாள். "பம்பாய்க்காரி, இனிமே நாங்கல்லாம் கண்ணுக்குத் தெரிவோமா ஒனக்கு?" என்று அந்தம்மாள் கிண்டல் செய்கிறாள். பவளம் சிரிக்கிறாள். பாலவாடி வேலையிலிருந்து விலக என்னையே கடிதம் எழுதித் தரச் சொல்கிறாள். பேனா சரியில்லை என்று தள்ளிப்போடுகிறேன். விட்டால் அந்த வேலை திரும்பக் கிடைக்காது.

உன்னோடு வேலை செய்யும் சாலவாக்கம் முனிரத்தினம் கார்த்திகையில் இங்கே வந்திருந்தான். "அண்ணனுக்கு இன்னா கொறை, ஆக்கிப் போட ஆளு கீது" என்றான். கூடத் தங்கியிருக்கும் நண்பராக இருக்கும் என்று எடுத்துக்கொண்டேன். 'ஆள்' என்றால் ஆணா பெண்ணா என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை. பவளத்திடம் இதைச் சொல்லவில்லை.

அவளுக்குத் தமிழில் ஒரு கார்டு போடு. நாம் என்றால், வந்து அழைத்துப் போ. நாங்கள் என்றால், அதையும் நீயே எழுது. என்னைச் சொல்ல வைக்காதே. நீ நன்றாக இருக்க வேண்டும். அவளும்.

உன் தகப்பன்,
ஏகாம்பரம்

பி.கு.: இரண்டாவதில் ஆங்கிலத்தின் குறை என்று எழுதியது தவறு. 'நீயும் நானும்' என்று எழுத ஆங்கிலத்திலும் இடமிருக்கிறது.