செருப்பை ஒளித்து வைக்கிற பிள்ளை

என் அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது. இங்கே நானும் உன் அத்தையும் உன் செல்ல மகள் பூசணியும் சாப்பிட்டுத் தூங்கி எழுந்து உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம், நீ அங்கே வெளிநாட்டு ஆஸ்பத்திரி வேலைக்கு நடுவில் வேளைக்குச் சாப்பிடுகிறாயா, நின்று நின்று வீங்கின கால் வடிந்ததா என்பதுதான் எங்கள் கவலை. தினமும் போனில் பேசுகிற மனுஷன் எதற்குக் கடிதம் எழுதுகிறார் என்று நினைப்பாய். போன் பேசும்போது பூசணி என் மடியில் உட்கார்ந்து காதைத் தீட்டிக்கொண்டிருக்கிறாள், அவளை வைத்துக்கொண்டு அவளைப் பற்றி எப்படிப் பேசுவது. பேசினாலும் நீ அழுவாய், நீ அழுதால் நானும் அழுவேன், சொல்ல வந்ததைச் சொல்லாமலே போனை வைத்துவிடுவேன். அதனால்தான் அவளைப் பள்ளிக்கூடத்தில் விட்டுவிட்டு வந்து, குழாய் ரிப்பேருக்குக் கூப்பிட்ட இரண்டு வீட்டுக்காரர்களிடமும் சாயங்காலம் வருகிறேன் என்று சொல்லிவிட்டு, ஸ்பேனர் பிடித்த கையால் பேனா பிடித்துக்கொண்டிருக்கிறேன். எழுத்து கோணலாக இருந்தால் சிரிக்காதே.

பூசணிக்கு இன்னும் ஜட்டி நனைகிறது என்று உன்னிடம் சொன்னேன், சின்னப் பிள்ளைதானே அப்பா, சரியாகிவிடும் என்றாய். நான் முழுதாகச் சொல்லவில்லை அம்மா. அவள் உட்காரவே மாட்டேன் என்றாள். அவள் கக்கா போக நீ வாங்கிக் கொடுத்த மஞ்சள் பேசினைக் கண்டாலே ஓடுவாள். வீட்டில் டயப்பரைப் போட்டுவிட்டால் கதவுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டு முகம் சிவக்க முக்குவாள், பள்ளிக்கூடத்தில் டயப்பர் கூடாது என்பதால் அங்கே காலை முழுக்க அடக்கி வைத்துவிட்டு மத்தியானம் நின்ற இடத்தில் விட்டுவிடுவாள். பையில் நாலு ஜட்டி வைத்து அனுப்பினால் நாலும் ஈர மூட்டையாகப் பிளாஸ்டிக் கவரில் கட்டித் திரும்பி வரும். உன் அத்தை தையல் மெஷினை அப்படியே விட்டுவிட்டு அரை மணிக்கு ஒரு தரம் பக்கத்து வீட்டிலிருந்து ஓடி வந்து பாத்ரூம் வாசலில் நின்று உஸ்ஸ் உஸ்ஸ் என்பாள். அந்தச் சத்தத்தில் எனக்குத்தான் வந்ததே தவிர அவளுக்கு வரவில்லை. பிடிவாதம்ண்ணே, அப்படியே உன் மகதான் என்று சொல்லிவிட்டுப் போய்விடுவாள்.

முப்பது வருஷமாக ஊரில் பாதி வீட்டுக்குக் கக்கூஸ் மாட்டிக் கொடுத்தவன் நான், என் பேத்தியை ஒன்றில் உட்கார வைக்க முடியவில்லை என்றால் வெளியே சொல்ல வெட்கமாக இருக்காதா. ஒரு பள்ளிக்கூட வேலையில் மிஞ்சின சின்னக் கம்மோடு ஒன்றைக் கேட்டு வாங்கி வந்து, நம் பாத்ரூமில் அவள் உயரத்துக்கு மாட்டி, தண்ணீர் விட்டுப் பார்த்து, ஒரு சொட்டு ஒழுகாமல் கொடுத்தேன். மகாராணி வந்து பார்த்தாள். பொம்மையை அதில் தலை முழுக வைத்தாள். அவ்வளவுதான், திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. தலையால் தண்ணீர் குடித்துப் பார்த்தோம், ஒன்றும் நடக்கவில்லை.

போன மாதம் பள்ளிக்கூட மேடம் என்னைக் கூப்பிட்டு உட்கார வைத்து, இந்த மாசக் கடைசி வரைக்கும் பாக்கலாம், இல்லன்னா அடுத்த வருஷம் கூட்டிட்டு வாங்க என்று சொன்னார். நல்ல மனுஷிதான், கோபமாகச் சொல்லவில்லை. மற்றப் பிள்ளைகள் அவள் பக்கத்தில் உட்கார மாட்டேன் என்று மூக்கைப் பிடித்துக்கொள்கிறார்களாம், அதைச் சொல்லும்போது அவருக்கே முகம் சரியில்லை. பள்ளிக்கூடம் நின்றால் நான் வேலைக்குப் போக முடியாது, அதைக்கூட விடு, உன்னிடம் சொல்ல வேண்டி வரும், சொன்னால் நீ ஒப்பந்தத்தைப் பாதியில் முறித்துக்கொண்டு ஓடி வருவாய், அவளுக்காக நீ பல்லைக் கடித்துக்கொண்டு இருந்ததெல்லாம் வீணாகும். இதையே நினைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேனா, வந்ததும் வராததுமாக இவள் என் கட்டிலில் நனைத்துவிட்டு நின்றாள். மகளே, உன்னிடம் மறைக்கக் கூடாது. தொடையில் ஒரு அடி வைத்துவிட்டேன். உன்னைக்கூட நான் அடித்ததில்லை. அவள் அழவில்லை, அதுதான் என்னைக் கொன்றது. என் காலைக் கட்டிக்கொண்டு தாத்தா போகாத, தாத்தா போகாத என்றாள். நான் எங்கேயும் போவதாகச் சொல்லவே இல்லை, பிள்ளை எதற்கு இப்படிச் சொல்கிறது என்று அப்போது எனக்குப் புரியவில்லை.

அந்தச் சமயத்தில்தான் என் செருப்பு வேறு காணாமல் போய்க்கொண்டிருந்தது. காலையில் வேலைக்குக் கிளம்பினால் வாசலில் இருக்காது, தேடினால் பாத்ரூமில் வாளிக்குப் பின்னால் கிடக்கும். எதிர்வீட்டு நாயைத் திட்டினேன், உன் அத்தையைக்கூடச் சந்தேகப்பட்டேன். அடித்த மறுநாள் காலை பிள்ளை சத்தத்தையே காணோமே என்று பாத்ரூம் கதவு இடுக்கில் எட்டிப் பார்த்தால், அந்தச் சின்னக் கம்மோடில் உட்கார்ந்திருக்கிறாள் அம்மா. தானாக. தரையில் என் செருப்பு இரண்டையும் ஜோடியாக வைத்து அதன்மேல் இரண்டு காலையும் அழுத்தி ஊன்றிக்கொண்டு, வங்கியில் டோக்கனுக்குக் காத்திருக்கிறவள் மாதிரி முழங்காலில் கை வைத்துக்கொண்டு. ஒன்றுக்குப் போகிற சத்தமும் கேட்டது. எழுந்து வந்தவளைத் தூக்கி வைத்துக்கொண்டு, செருப்பு எதுக்குடா தங்கம் என்று கேட்டேன். செருப்பு எங்கிட்ட இருக்குல்ல, நீ போக முடியாது என்றாள்.

நமக்கு அன்றைக்கே உறைக்க வேண்டியது அப்போதுதான் எனக்கு உறைத்தது. நீ கிளம்பின காலை ஞாபகம் இருக்கிறதா. தெருமுனையில் டாக்சி நிற்கிறது, ஹாரன் அடிக்காதே என்று டிரைவரிடம் சொல்லி வைத்திருந்தேன். அவள் பார்த்தால் விட மாட்டாள், பேசினில் உட்கார வைத்து நான் கதை சொல்கிறேன், நீ போய்விடு என்று யோசனை சொன்னது நான்தான். நீ செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு சத்தம் வராமல் வெறுங்காலோடு வாசலைத் தாண்டினாய். குழாய்க்குள் மாட்டிக்கொண்ட தவளையை நான் இழு இழு என்று இழுத்துக்கொண்டிருந்தேன், கதையில்.

அதற்குப் பிறகு நடந்ததை உனக்கு நான் சொல்லவே இல்லை. அவளுக்கு அன்றைக்குத்தான் முதல் தடவையாகப் பேசினில் வந்தது. எத்தனை நாள் அதற்காக நீ அவள் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருப்பாய். எட்டிப் பார்த்துவிட்டு, ஜட்டிகூடப் போடாமல், அம்மா வா, கக்கா போயிட்டேன், வந்து பாரு என்று கத்திக்கொண்டே ஓடினாள். சமையலறை, கட்டிலுக்கு அடியில், துணிக்கொடிக்குப் பின்னால், எல்லாம் தேடினாள். கடைசியில் வாசலில் செருப்பு விடுகிற இடத்தில் வந்து நின்று, அம்மா செருப்பு இல்ல என்றாள். என்னைக் கேட்கவில்லை, தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். நான் பேசினைக் கழுவி வைத்தேன். அன்றிலிருந்து அவள் அதில் உட்காரவில்லை. அப்போது இரண்டேகால் வயசு, இந்தப் பிள்ளைக்கு என்ன தெரியும் என்று நாம் நினைத்தோம். நல்ல பிள்ளையாக உட்கார்ந்து எழுந்தால் அம்மா போய்விடுவாள் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. அவளைப் பெற்றவன் உன்னிடம் சொல்லாமல் கொள்ளாமல் போனபோது அவனைத் தெருவில் நின்று திட்டினவன் நான். அதையே அவளுக்கு உன்னைச் செய்ய வைத்தேன். உன்மேல் தப்பில்லை அம்மா, நீ அவளிடம் சொல்லிவிட்டுப் போகிறேன் என்றுதான் சொன்னாய், நான்தான் தடுத்தேன். பாவி நான்.

மறுநாள் மேடத்திடம் போய் விஷயத்தைச் சொல்லி, என் செருப்பைப் பள்ளிக்கூடப் பாத்ரூமில் விட்டுவிட்டுப் போகட்டுமா என்று கேட்டேன். முதலில் சிரித்தார், பிறகு கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு சரி என்றார். அன்றிலிருந்து காலையில் செருப்பைக் கழற்றி அவள் கையாலேயே வைக்கச் சொல்லிவிட்டு வெறுங்காலோடு வருகிறேன், மத்தியானம் அவளையும் செருப்பையும் சேர்த்துக் கூட்டி வருகிறேன். தார் ரோடு சுடத்தான் செய்கிறது. ஹார்டுவேர் கடைக்காரர், என்ன மேஸ்திரி, செருப்பை அடகு வெச்சுட்டீங்களா என்று கேட்கிறார், கேட்கட்டும். இரண்டு நாள் ஒன்றும் நடக்கவில்லை. மூன்றாம் நாள் ஆயாம்மா கேட்டுக்கே ஓடி வந்து, ஐயா உக்காந்துட்டா, போயிட்டா, கதவ மட்டும் சாத்தக் கூடாதுன்னுட்டா என்று பரீட்சை ரிசல்ட் சொல்கிற மாதிரி சொன்னாள். நான் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் போய்க் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்தேன். இன்றோடு ஒன்பது நாள், ஒரே ஒரு ஜட்டிதான் ஈரம். பள்ளிக்கூடம் நிற்காது, நீ நிம்மதியாக இரு.

ஆனால் நீ லீவில் வருகிற பத்து நாளை நினைத்தால் எனக்குப் பயமாக இருக்கிறது. திரும்பிப் போகும்போது அவள் பள்ளிக்கூடத்தில் இருக்கிற நேரமாகப் பார்த்துக் கிளம்பிவிடுகிறேன் என்றாய், அவள் அழுவதைப் பார்த்தால் போக முடியாது என்றாய். தெரியும் தாயே. இந்தத் தடவை அதற்கு நான் உடந்தை இல்லை. அவள் முன்னால் பெட்டி கட்டு, எத்தனை நாளில் வருவாய் என்று சொல், அவள் பார்க்கச் செருப்பைப் போடு. புரண்டு அழுவாள், அழட்டும், நான் பிடித்துக்கொள்கிறேன். உனக்கும் அழுகை வந்தால் மறைக்காதே, அம்மாவுக்கும் போக மனசில்லை என்று அவள் தெரிந்துகொள்ளட்டும்.

கவருக்குள் ஒரு சின்னச் செருப்பு இருக்கும், பயந்துவிடாதே. நேற்று நான் காகிதம் எடுத்து வைத்ததும் அம்மாவுக்கா என்று கேட்டாள். ஆமாம் என்றேன். போய் அவளுடைய பழைய செருப்பில் இடது காலை மட்டும் எடுத்து வந்து, இதையும் போடு என்றாள். எதற்கு என்றேன். அம்மா அங்க தனியா உக்காருவாங்கல்ல, பயமா இருக்கும், என் செருப்பு இருந்தா நான் எங்கயும் போகலன்னு தெரியும் என்றாள். வலது காலைத் தலையணைக்கு அடியில் வைத்திருக்கிறாள்.

நோய் நொடி அண்டாமல், நினைத்தது கைகூடி, நீ நன்றாக இருக்க வேண்டும். கால் வீக்கத்தை அந்த ஆஸ்பத்திரியிலேயே யாரிடமாவது காட்டு. வரும்போது அந்த இடது செருப்பை மறக்காமல் எடுத்து வா. கொண்டு வருவாய் என்று அவளிடம் சொல்லிவிட்டேன். அவளிடம் இன்னொரு பொய் சொல்ல எனக்குத் தெம்பில்லை.

உன்னையே நினைத்துக்கொண்டிருக்கும்,
அப்பா