பட்டை போடாத பூச்சிகள்

கீழ்பென்னாத்தூர்

அன்பு மகள் கவிநிலாவுக்கு அப்பா எழுதுவது. அண்ணாமலையார் புண்ணியத்தில் நானும் அம்மாவும் சுகம், ஜெர்மனிக் குளிரில் நீயும் அப்படியே இருக்க வேண்டும். அம்மாவுக்கு முழங்கால் வலி கம்மி, என்னைத் திட்டுவது ஜாஸ்தி. போனில் சொன்னால் நீயும் சேர்ந்து திட்டுவாய் என்றுதான் தாளில் எழுதிப் படம் பிடித்து அனுப்புகிறேன்.

நீ சொன்னபடி மக்காச்சோளக் கொல்லை ஓரம் என் கல்யாண வேட்டியைக் கட்டி, பொழுது சாய்ந்ததும் பல்பு எரியவிட்டேன். அந்துப்பூச்சிகள் வந்து அப்பின. மக்காச்சோளக் குருத்தைத் தின்கிற படைப்புழுவும் நிலக்கடலை தின்கிற புரொடீனியாப் புழுவும் ஒரே பேரினம், பங்காளிகள், இறக்கை நுனியில் வெள்ளைத் திட்டு இருந்தால் அது படைப்புழுவின் பூச்சி என்று நீ அனுப்பிய பாடத்தின் முதல் பக்கம் படித்தேன். அதோடு மூடிவிட்டேன். பள்ளிக்கூடத்திலும் அப்படித்தான், அதனால்தான் பத்தாவதோடு நின்றேன். பட்டை போட்ட சாமியார் மாதிரி வெள்ளை இருந்தவை கொஞ்சம்தான், நசுக்கினேன். வெறும் சாம்பல் நிறத்தில் சாதுவாக உட்கார்ந்திருந்தவை ஏராளம், பாவமென்று தினமும் வேட்டியை உதறிப் பறக்கவிட்டேன். பக்கத்துக் கொல்லை சகாதேவன் கேட்டபோது பயமில்லை என்றேன். பூச்சி படிச்ச பொண்ணோட அப்பாவே சொல்லிட்டாரு, அப்புறம் மருந்து என்னாத்துக்குய்யா என்று அவன் எல்லாரிடமும் சொல்லி, ஒருத்தரும் மருந்து அடிக்கவில்லை.

இன்று காலைதான் இரண்டாம் பக்கம் படித்தேன். வெள்ளைத் திட்டு ஆணுக்கு மட்டுந்தானாம். சந்தேகமென்றால் வயிற்று நுனியை அறுத்து, உள்ளுறுப்பைப் பார்த்துத்தான் இனம் பிரிப்பீர்களாம். முட்டை வயிற்றோடு வந்த தாய்ப்பூச்சிகளை மரியாதையாக வழியனுப்பியிருக்கிறேன். ஆம்பளைங்கள மட்டும் எண்ணிட்டு ஊரே அவ்ளோதான்னா எப்டி என்கிறாள் அம்மா.

ஓடிப்போய்க் குருத்தைப் பிரித்தேன். ஈர மரத்தூள் மாதிரி எச்சம், அதற்கடியில் புழு. தலையில் நீ வரைந்து காட்டிய கவிழ்த்த கவட்டை, வால் பக்கம் சதுரமாக நான்கு கரும்புள்ளி, படைப்புழுவேதான். அடுத்த செடியிலும் அதே. வெளியே பார்த்தால் பயிர் பச்சைப்பசேலென்று காற்றில் ஆடுகிறது. வேட்டியை உதறியதெல்லாம் சகாதேவன் கொல்லைப் பக்கம். அங்கே போய்ப் பிரித்துப் பார்க்க எனக்குக் கால் வரவில்லை.

வேளைக்குச் சாப்பிடு. தலைக்குக் குல்லா போடு. எந்த மருந்து, எவ்வளவு என்று உடனே எழுது, இந்த முறை கடைசி வரி வரை படிக்கிறேன். அண்ணாமலையார் உன்னைக் காக்கட்டும், எங்களையும் கொஞ்சம் பார்த்துக்கொள்ளட்டும். இதோ வரப்பில் சகாதேவன் வருகிறான், தூரத்திலிருந்தே கும்பிடு போடுகிறான்.

இப்படிக்கு,
உன் அரைப்பாட அப்பா,
ஆதிமூலம்