உங்காத்துல வராது, மாமி

டாக்டர் ஸார்,

இன்று காலை அரிசி களைந்த தண்ணீரைச் செடிக்கு ஊற்றலாம் என்று ஒரு கண்ணாடிக் கிண்ணத்தில் எடுத்து, மேஜையில் விரிந்திருந்த பேப்பரின் மேல் வைத்தேன். அடியில் ஏதோ படம். நகர்த்திப் பார்த்தால் நீங்கள். காலமானார் அறிவிப்பில்கூடக் கழுத்தில் ஸ்டெதாஸ்கோப்போடு சிரிக்கிறீர்கள். துக்கம் கேட்க நான் வரப்போவதில்லை.

என் கணவருக்குச் சிறுநீரகம் இரண்டும் கைவிட்ட வருஷம், வயிற்றில் குழாய் வைத்து வீட்டிலேயே டயாலிசிஸ் செய்துகொள்ளலாம் என்று முடிவானது. பையிலிருந்து மருந்துத் தண்ணீர் வயிற்றுக்குள் போய், சில மணி நேரம் கழித்து வேறு பையில் வடியும். ஆரம்பத்திலேயே கிருமி புகுந்துவிட்டால் ஆபத்து. அது யாருக்கு வரும், யாருக்கு வராது என்று முன்கூட்டியே சொல்வதில் நீங்கள் மகா கெட்டிக்காரர் என்று தி. நகர் முழுக்கப் பேச்சு. அந்தக் கெட்டிக்காரத்தனத்தை நேரில் பார்த்தவள் நான். விலாசம் கேட்பீர்கள். அவ்வளவுதான். கிளி ஜோசியக்காரனாவது ஒரு சீட்டு எடுக்க வைப்பான்.

சிந்தாதிரிப்பேட்டையிலிருந்து வந்த பாயிடம், "சிந்தாதிரிப்பேட்டையா? ஒரே ரூம்ல எல்லாரும் இருப்பீங்க. முதல் மாசமே சீழ் பிடிச்சுடும். உங்களுக்கு இது வேண்டாம்" என்றீர்கள். "ரூமு சுத்தமா கீது டாக்டர், ஒருவாட்டி வந்து பாருங்க" என்று அவர் மனைவி கெஞ்சினாள். நீங்கள் அடுத்த பேஷண்டைக் கூப்பிட்டீர்கள். அவர்கள் என்ன ஆனார்கள் என்று எனக்குத் தெரியாது. நீங்களும் விசாரித்திருக்க மாட்டீர்கள்.

அடுத்த பேஷண்ட் நாங்கள். "மயிலாப்பூரா? மாடவீதியா? உங்காத்துல எல்லாம் வராது, மாமி." நர்ஸ் ஸ்டெல்லா, "சாருக்கு மூக்குல கிருமி இருக்கான்னு ஒரு டெஸ்ட் எடுத்துடலாம் டாக்டர், கைவழியா குழாய்க்குப் போயிடும்" என்றாள். "அது மயிலாப்பூர் மூக்கும்மா" என்று சிரித்தீர்கள்.

எங்கள் வீட்டுக்கு மட்டும் வந்தீர்கள், காபி சாப்பிட. பூஜை அறையைப் பார்த்ததும், "இதைவிடச் சுத்தமான இடம் ஏது? பையை இங்கேயே மாட்டிக்கோங்கோ" என்று உத்தரவு. அவரும் சோப்புப் போட்டுக் கையைக் கழுவினார். பூஜை அறை ஆயிற்றே, விபூதியை எடுத்து நெற்றியில் இட்டுக்கொண்டார். அதே விரல்களால் குழாயின் மூடியைத் திறந்தார். பக்கத்தில் நின்று பார்த்த நீங்கள், "பேஷ்!" என்றீர்கள். அதன்பின் தினமும் அப்படியேதான் செய்தார்.

வடிந்த பையைப் பேப்பர் மேல் வைத்துப் பார்க்கச் சொல்லியிருந்தாள் ஸ்டெல்லா. எழுத்து தெரிந்தால் சரி. ஒரு நாள் தெரியவில்லை, அரிசி களைந்த தண்ணீர் மாதிரி இருந்தது. வயிற்றை வலிக்கிறது என்றார் அவர். உங்களுக்குப் போன் செய்தேன். "உங்காத்துல வராது, மாமி. வெளியில ஏதாவது சாப்ட்டிருப்பார். நாளைக்குப் பார்க்கலாம்."

விடிவதற்குள் அவர் வயிறு பலகையாகிவிட்டது. ஆஸ்பத்திரியில் குழாயை எடுத்தார்கள், மருந்து ஏற்றினார்கள். அவர் பிழைக்கவில்லை. அப்போதும் வராந்தாவில் நின்று, "எந்த ஹோட்டல்ல சாப்ட்டார்?" என்று கேட்டீர்களே, அந்த முகத்தைத்தான் இன்று பேப்பரில் பார்த்தேன். போய்ச் சேர்ந்த மனிதர்மேல் கொஞ்சம் இரக்கம் வருகிறதா என்று காத்திருந்தேன். வரவில்லை.

இப்போது என் நெற்றிக்கும் விபூதிதான். கையைக் கழுவியதும் விரல்கள் விபூதிச் சம்புடத்துக்குப் போகின்றன, தொடாமல் நின்றுவிடுகின்றன. மாட்டவேண்டிய குழாய் எதுவும் இல்லை என்று ஞாபகம் வந்த பிறகுதான் இட்டுக்கொள்கிறேன்.