இரண்டு நோட்டீசும் ஒரே குளிரும்

ஃபாரஸ்ட் கேட், லண்டன்
மார்கழி 7

அன்பு மகள் துசியந்திக்கு,

அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் நல்ல சுகம், அப்பாவின் இடது முழங்கால் மட்டும் யார் சொல்லும் கேளாமல் நோகிறது. நீயும் மருமகனும் பிள்ளையும் அந்தக் கல்கரிக் குளிரில் சுகமாக இருக்கவேண்டும் என்று ஒவ்வொரு நாளும் மாதாவிடம் கேட்கிறேன். போன் இருக்க இவள் ஏன் கடிதம் எழுதுகிறாள் என்று நினைப்பாய். போனில் நீ என்னை ஒரு கதையும் முடிக்க விடுகிறாயில்லை. போன ஞாயிறும் நான் வாய் திறக்க முதல், "அம்மா, அறுபது வயசில உங்களுக்கு ஏன் இந்தத் தேர்தல் வேலை, வெள்ளைக்காரர் ஒருநாளும் உங்களைத் தங்கட ஆள் எண்டு நினைக்கமாட்டினம், நாளைக்கு ஆராவது வீட்டுக்குக் கல்லெறிஞ்சா ஆர் வாறது" என்று கேட்டுவிட்டு வேலைக்கு நேரமாகிவிட்டது என்று வைத்துவிட்டாய். அதற்குத்தான் இந்தக் கடிதம். கடைசிவரை வாசி.

நீ கலியாணம் முடித்துப் போனபின் இந்தக் கட்டடம் கெட்டுவிட்டது. அறுபத்திரண்டு வீட்டையும் சூடாக்கக் கீழே இருப்பது ஒரே பொயிலர், அது இரண்டு குளிர்காலமாக ஒரு கிழமை வேலை செய்தால் இரண்டு கிழமை செய்யாது. கவுன்சிலுக்குப் போன் அடித்தால் அதைத் திருத்துகிற கொம்பனியைக் கேள் என்பார்கள், கொம்பனிக்கு அடித்தால் கவுன்சிலைக் கேள் என்பார்கள். நான் காலை ஆறு மணி ஷிப்டுக்கு ஆஸ்பத்திரி லோண்டரிக்குப் போய் அந்தச் சூட்டுக்குள் நின்றுவிட்டு வீட்டுக்கு வந்து கோட்டைக் கழற்றாமல் சமைப்பேன். கீழ்வீட்டு வெள்ளைக்காரி ஏஞ்சலாவை உனக்கு நினைவிருக்கும், பள்ளிக்கூடச் சமையலறையில் முப்பது வருடம் வேலை செய்தவள், இப்போது நெஞ்சு சரியில்லை, நாலு படி ஏறினால் இளைக்கும். அவள் ஜன்னலில் இங்கிலாந்துக் கொடி தொங்கும், எங்களைப் பிடிக்காதவள் என்று நினைத்து, அதைக் கண்டால் நான் நடையை எட்டிப் போட்டுவிடுவேன், இருபத்திரண்டு வருடத்தில் ஹலோவுக்கு மேல் ஒரு கதை இல்லை. மேல்வீட்டில் ஹோடன் என்று ஒரு சோமாலியப் பிள்ளை, அவளுடைய கைக்குழந்தைக்கு மூச்சிழுப்பு. அவளுடைய மற்றப் பிள்ளைகள் படியில் ஓடினால் நான் அப்பாவிடம் என்ன சொல்லால் அவர்களைச் சொல்லுவேன் என்று உனக்குத் தெரியும். அதை இங்கே எழுத எனக்கு வெட்கமாக இருக்கிறது.

ஐப்பசி கடைசியில் ஒரு சனிக்கிழமை, எல்லாரும் கரண்ட் ஹீட்டரைப் போட்டதில் எங்கள் பக்கத்துக்கே கரண்ட் போய்விட்டது. என்னுடையது காஸ் அடுப்பு, அதனால் ஹோடன் பால் சுடவைக்கக் குழந்தையோடு இறங்கி வந்தாள். ஏஞ்சலா என்ன நடந்தது என்று கேட்க ஒவ்வொரு மாடியிலும் நின்று நின்று மூன்றாம் மாடிக்கு ஏறி வந்தாள். இரண்டு பேரையும் குசினியில் இருத்தித் தேத்தண்ணி போட்டேன். மேசையில் இடைத்தேர்தல் நோட்டீஸ் ஒன்று கிடந்தது. பழைய கவுன்சிலர் பதவியை விட்டதால் வந்த தேர்தல் அது. ஏஞ்சலா அதில் இருந்த வேட்பாளரின் படத்தைப் பார்த்துவிட்டு இந்தாளின் நோட்டீஸ் தன்னிடமும் இருக்கிறது என்று கைப்பையிலிருந்து எடுத்தாள். அதே ஆள், அதே கழுத்துப்பட்டி, அதே சிரிப்பு. எனக்கு வந்தது தமிழில், அதை அவளுக்கு இங்கிலிசில் சொன்னேன். உழைத்து முன்னேறிய தமிழ்க் குடும்பங்களே, உங்கள் வரிப்பணத்தில் அரசாங்கப் பெனிபிட் காசு எடுத்துச் சோம்பலாக வாழ்கிறவர்களை இன்னும் எத்தனை நாள் பொறுப்பீர்கள் என்று இருந்தது. அவள் தன்னுடையதை வாசித்தாள். வெளியிலிருந்து வந்தவர்கள் வரிசையில் உங்களை முந்திவிட்டார்கள், உங்கள் வீடுகள் உங்கள் பேரப்பிள்ளைகளுக்கே என்று இருந்தது. இரண்டையும் சேர்த்து மேசையில் வைத்தேன். பிறகு ஏஞ்சலா, "நான் பெனிபிட்டிலதான் இருக்கிறன். அப்ப உன்ர நோட்டீசில இருக்கிறது நான், என்ர நோட்டீசில இருக்கிறது நீ" என்றாள். ஹோடனுக்கு எந்த நோட்டீஸ் வந்தது என்று கேட்டேன். "எனக்கு ஒண்டும் வரேல்லை. ரெண்டிலயும் எழுதியிருக்கிறது என்னைப் பற்றித்தானே" என்றாள். அந்தப் பிள்ளை அதைக் கோபமாகச் சொல்லவில்லை, பாலை ஆற்றிக்கொண்டு சொன்னாள். எனக்குத்தான் முகம் சுட்டது. இரண்டு நோட்டீசையும் திருப்பித் திருப்பிப் பார்த்தோம், பொயிலர் என்ற சொல் ஒன்றிலும் இல்லை.

ஆராவது நிற்கவேண்டும் என்று ஏஞ்சலா சொன்னாள். நீ நில் என்றேன். "எனக்குப் படி ஏறேலாது, அவளுக்குக் கைக்குழந்தை, மிச்சம் நீதான்" என்றாள். துசி, நான் தேர்தலில் நின்ற கதை இவ்வளவுதான், நீ நினைப்பதுபோல் என்னை ஒருவரும் ஏமாற்றிச் சேர்க்கவில்லை. அந்த இரண்டு பேரும் என் வேட்புமனுப் பத்திரத்தில் கையெழுத்து வைத்தார்கள். இரண்டு நோட்டீசையும் ஒரே தாளில் பக்கத்தில் பக்கத்தில் கொப்பி எடுத்து, தமிழில் இருந்ததை இங்கிலிசிலும் இங்கிலிசில் இருந்ததைத் தமிழிலும் எழுதி, அடியில் என் பெயரைப் போட்டு, இரண்டிலும் பொயிலரைக் காணவில்லை, ஏன் என்று மட்டும் கேட்டோம். அப்பா முதலில் இது என்ன விசர் வேலை என்று இரண்டு நாள் என்னோடு கதைக்கவில்லை, மூன்றாம் நாள் முழங்காலுக்கு எண்ணெய் பூசிக்கொண்டு, "கீழ் மாடி எல்லாம் நான் போடுறன், மேல் மாடி நீ போடு" என்று ஒரு கட்டு நோட்டீசைத் தூக்கிக்கொண்டு போனார்.

எங்கள் ஆட்கள்தான் கூடக் கஷ்டம் தந்தார்கள். மூலைக்கடை செல்வரத்தினம், "அக்கா, இதைக் கடைக்குள்ள வைக்கேலாது, நாங்கள் தலையைக் குனிஞ்சு உழைச்சு வந்த ஆக்கள், எங்களை அதுகளோட சேர்க்காதேங்கோ" என்றார். "தம்பி, ரெண்டு வருசமாத் தலையைக் குனிஞ்சிருக்கிறம், ஒரு பிளம்பர் வந்தவனோ" என்று கேட்டுவிட்டு நோட்டீசை மரக்கறிப் பெட்டிக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு வந்தேன், அவர் எடுத்து எறிந்திருந்தாலும் எறியட்டும். மாதா கோயிலில் பூசை முடிய சுலோச்சனா, ஏஞ்சலாவின் மகன் அந்த இரண்டு நோட்டீஸ்காரனுக்குத் தேர்தல் வேலை செய்கிறவன் தெரியுமோ என்று காதுக்குள் சொன்னாள். தெரியும். அவன் வான் ஓட்டி வீடு வீடாகப் பார்சல் கொடுக்கிறவன், ஒரு நாளில் இருநூறு கதவு தட்டவேண்டும், சுகமில்லை என்று நின்றால் சம்பளம் இல்லை. நான் அவன் வீட்டுக் கதவையும் தட்டினேன். உங்களில் எனக்கு ஒரு கோபமும் இல்லை, ஆனால் எங்கட ஆக்களை ஒருத்தரும் பார்க்கினமில்லை என்றான். "நீ என்னை விரும்பவேண்டாம். உன்ர அம்மாவும் நானும் ஒரே குளிருக்க இருக்கிறம், அதுக்கு வோட் போடு" என்றேன். அவன் கதவைச் சாத்தினான், ஆனால் தாளை வாங்கிக்கொண்டுதான் சாத்தினான்.

ஆர் வாறது என்று கேட்டாய். தேர்தலுக்கு ஆறு நாள் இருக்க நான் ஷிப்ட் முடிந்து வர, எங்கள் கதவில் கறுப்பு மையால் உன் நாட்டுக்குப் போ என்று பெரிதாக எழுதியிருந்தது. அதன் முன்னால் ஏஞ்சலா முழந்தாளிட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தாள். நாலு படி ஏற முடியாதவள் வாளித் தண்ணீரோடு மூன்று மாடி ஏறியிருக்கிறாள். முகமெல்லாம் சிவந்து மூச்சு இழுத்தது. நான் பிரஷை வாங்கப் போனேன், அவள் தரவில்லை. "இது உனக்கு எழுதினதில்லை, எங்கட கட்டடத்துக்கு எழுதினது" என்றாள். கொஞ்சத்தில் ஹோடனும் இறங்கி வந்து ஒரு துணியை எடுத்துக்கொண்டு பக்கத்தில் இருந்தாள். மூன்று பேருமாகத் தேய்த்தோம். முழுதாகப் போகவில்லை, இன்றைக்கும் கிட்ட நின்று பார்த்தால் தெரியும். அப்பா பெயின்ட் அடிக்கவா என்று கேட்டார், வேண்டாம் என்றேன். வருகிறவர்கள் பார்க்கட்டும்.

வியாழக்கிழமை வோட். படத்தோடு அடையாள அட்டை இல்லாமல் திரும்பி வந்த கிழவர்களை நான் பஸ் பாஸைத் தேடி எடுக்கச் சொல்லித் திரும்ப அனுப்பினேன், ஏஞ்சலாவின் மகன் தன் பார்சல் வானில் முன்சீட்டில் ஒவ்வொருவராக ஏற்றிக்கொண்டு போனான். அவன் எனக்குத்தான் போட்டானோ என்று நான் கேட்கவில்லை, கேட்கவும் மாட்டேன். அடுத்த நாள் காலை எண்ணினார்கள். முடிவு வாசித்த அதிகாரி அருட்பிரகாசம் என்பதில் இரண்டு தரம் தடக்கினார், மூன்றாம் தரம் பின்னாலிருந்து ஏஞ்சலா சத்தமாகப் பிழையில்லாமல் சொன்னாள். முப்பத்தேழு வோட்டால் தோற்றேன். வென்றது எப்போதும் வெல்லுகிற கட்சி. இரண்டு நோட்டீஸ்காரன் எனக்குக் கீழே, மூன்றாவது. செல்வரத்தினம் அன்று பின்னேரம் கடைக்குள் கூப்பிட்டு ஒரு பை முருங்கைக்காய் தந்தார்.

தோற்றதோடு விட்டுவிட்டேன் என்று நினைக்காதே. போன கிழமை புதுக் கவுன்சிலர் படமெடுக்கிற ஆளோடு பொயிலர் அறைக்கு வந்தார். நாங்கள் நாற்பது பேர் கோட்டும் தொப்பியுமாக அந்தக் கதவை மறித்து நின்றோம், வெள்ளை, கறுப்பு, எங்கள் ஆட்கள், போலந்துக்காரர், எல்லாரும். திகதி சொல்லுங்கோ, பிறகு படம் எடுங்கோ என்றேன். கடிதம் போடுவதாகச் சொன்னார். ஹோடன் பேனையை நீட்டினாள். அவர் எங்கள் தாளின் பின்பக்கத்தில் தை பன்னிரண்டு என்று எழுதிக் கையெழுத்து வைத்தார். அன்றைக்குப் புதுப் பொயிலர் வராவிட்டால் அந்த நாற்பது பேரும் கவுன்சில் கூட்டத்தில் போய் இருப்போம். வைகாசியில் முழுத் தேர்தல், திரும்பவும் நிற்கிறேன். அப்பாவிடம் கேட்டுவிட்டேன், உன்னிடம் கேட்கவில்லை, சொல்லுகிறேன்.

இன்னொன்று. நீ வேலை செய்யும் முதியோர் இல்லத்தில் பிலிப்பைன்ஸ் பெண்கள் யூனியனுக்கு ஆள் சேர்க்கிறார்கள், அது அவர்களுடைய விஷயம், நான் போகவில்லை என்று உன் சிநேகிதி அஜித்தாவிடம் சொன்னாயாம். அதே ஷிப்ட், அதே முதுகு நோ, அதே மனேஜர், பிறகு அது எப்படி அவர்களுடைய விஷயம் மட்டும் ஆகும். இருபத்திரண்டு வருடம் கீழ்வீட்டாளோடு கதைக்காமல் இருந்தவள் சொல்லுகிறேன், நீ அவ்வளவு காலம் எடுக்காதே. கூட்டம் செவ்வாய்க்கிழமையாம். போ. சும்மா போய்ப் பின்வரிசையில் இராதே, பக்கத்தில் இருக்கிறவளின் பெயரைக் கேட்டுப் பிழையில்லாமல் சொல்லப் பழகு.

பிள்ளைக்கு என் முத்தங்கள், மருமகனுக்கு எங்கள் அன்பு. மடு மாதா உங்கள் மூவரையும் தன் கைக்குள் வைத்திருப்பாளாக. இரும்புச்சத்துக் குளிசையை நேரத்துக்குப் போடு, செவ்வாய்க்கிழமையை மறவாதே.

என்றும் உன் அம்மா,
இம்மாகுலேற் அருட்பிரகாசம்