ரோவெல்லா மேட்டுப் பீப்பாய்

ரோவெல்லா மேடு,
20 அக்டோபர் 1974

அன்புள்ள தெல்பினா,

நலம் என்று எழுதினால் பொய். முதுகு பிடித்துக்கொண்டு கிடக்கிறேன். ஆகஸ்டில் பெய்த ஆலங்கட்டி மழை உன் அப்பாவின் மேட்டைச் சூறையாடிவிட்டது. இந்த வருஷம் மேட்டு ஒயின் கிடையாது. மிச்சம் இருப்பது எழுபத்தொன்றாம் வருஷத்துப் பீப்பாய் ஒன்றுதான். நொதிக்கும்போது மிதந்து வரும் திராட்சைத் தோலை இருபத்தைந்து நாள் காலையும் மாலையும் நீ அமுக்கிவிட்டாயே, அதே ஒயின்.

பக்கத்துத் தோட்டத்து ஜெப்பின் வாய் சும்மா இருக்குமா? "என்னடா, பொண்டாட்டி போனதுலேர்ந்து கொடிகூட உன் பேச்சைக் கேக்க மாட்டேங்குதா?" என்கிறான். சிரித்து வைத்தேன்.

கிளை கழிக்கிற நாளுக்காவது வாயேன்.

உன் எவாசியோ

---

தூரின்,
3 நவம்பர்

எவாசியோவுக்கு,

முதுகுக்கு உப்பு மூட்டை ஒத்தடம் கொடு. எனக்கும் தையல் ஆலையில் நின்று நின்று கால் வீங்கிப் போகிறது. தங்கை வீட்டில் ஒரு கட்டில் இருக்கிறது, அது போதும். வருவதைப் பற்றி இப்போது கேட்காதே.

பீப்பாய் வாரா வாரம் கொஞ்சம் குறையும். விளிம்பு வரை நிரப்பு. காற்றுப் புகுந்தால் புளித்துவிடும். நிரப்ப வேண்டிய ஒயின் மாடிப்படிக்குக் கீழே குடுவைகளில் இருக்கிறது. மேட்டுப் பீப்பாய்க்கு மேட்டு ஒயின்தான், வேறெதுவும் கூடாது.

தெல்பினா

---

ரோவெல்லா மேடு,
2 மார்ச் 1975

தெல்பினா,

தப்புப் பண்ணிவிட்டேன். சில குடுவைக் கழுத்தில் கொடி கட்டும் நாரால் ஒரு முடிச்சு, சிலவற்றில் இரண்டு. இரண்டு முடிச்சுதான் உசத்தி என்று நினைத்து அதையே குளிர்காலம் முழுக்க ஊற்றி வந்தேன். நேற்று குடுவையிலிருந்து ஒரு வாய் வைத்துப் பார்த்தால், அது நம் கீழ்ச்சரிவு ஒயின்! வருஷா வருஷம் முடிச்சுப் போட்டவள் நீ. என்ன முடிச்சு என்று ஒரு தடவைகூட நான் கேட்டதில்லை.

போன வாரம் ஆல்பா ஊரிலிருந்து ஒயின் வியாபாரி வந்து பீப்பாயை ருசி பார்த்தார். "மேட்டோட பேரைப் போட்டே விக்கலாங்க" என்று குதித்தார். சனிக்கிழமை மறுபடி வருகிறார். வாயைத் திறக்காமல் இருந்தால் யாருக்குத் தெரியப் போகிறது? சொல்லு, என்ன செய்யட்டும்?

எவாசியோ

---

தூரின்,
6 மார்ச்

ஒரு முடிச்சு மேடு, இரண்டு கீழ்ச்சரிவு. இருபத்திரண்டு வருஷம் எல்லாவற்றையும் நீயே முடிவு செய்தாய். இதையும் நீயே செய்.

தெ.

---

ரோவெல்லா மேடு,
10 மார்ச்

அன்புள்ள தெல்பினா,

சொல்லிவிட்டேன். வியாபாரி தலையில் அடித்துக்கொண்டார். "உண்மை பேசி எவன்யா பீப்பா வித்தான்?" என்றார். வெறும் சிவப்பு ஒயினாக எடுத்துப் போகிறார்; பாட்டிலில் மேட்டின் பெயர் இருக்காது. ஜெப்பின் கேட்டுவிட்டு, முதல் முறையாகக் கேலி பண்ணாமல் போனான்.

நீ இருந்திருந்தால் இதைத்தான் செய்திருப்பாய். அதனால்தான் செய்தேன். இனி எது என்றாலும் உன்னைக் கேட்பேன். வீட்டுக்கு வா, தெல்பினா.

உன் எவாசியோ

---

தூரின்,
23 மார்ச்

எவாசியோ,

உன் கடிதத்தைப் படித்து அழுதேன். நீ செய்தது சரி. அப்பா இருந்திருந்தால் உன்னைக் கட்டிப் பிடித்திருப்பார்.

கடிதம் வந்த அன்றே, கிளம்பலாம் என்று பரணிலிருந்து பெட்டியைக்கூடக் கீழே இறக்கிவிட்டேன். அப்புறம் யோசித்தேன். உன் மேல் கோபம் இல்லை. எப்போது போனது என்றுகூடத் தெரியவில்லை. கோபம் இருந்தாலாவது சண்டை போட வந்திருப்பேன்.

மேட்டை உன் பேருக்குப் பத்திரம் எழுதிக் கையெழுத்துப் போட்டு இதோடு வைத்திருக்கிறேன். இனி அது உன்னுடையது. அதற்கு உன்னை விட்டால் ஆள் இல்லை.

எனக்கு இங்கேயும் களைப்புதான். ஆனால் வேலை முடிந்து வந்தால் படுத்துக்கொள்கிறேன், யாரும் எழுப்புவதில்லை. நான் வரவில்லை, எவாசியோ.

தெல்பினா