மேல்மாடியை அளக்கச் சொல்லிவிட்டேன்

அன்பு மகன் ஷாஜனுக்கு,

அம்மா எழுதுவது. ஆண்டவர் கிருபையால் அப்பாவும் நானும் உடம்புக்குக் குறையில்லாமல் இருக்கிறோம், துபாய் வெயிலில் நீயும் சுகமாக இருக்க வேண்டும். சனிக்கிழமை விமானம் ஏறும் நம் தெரு ஜின்சியின் கையில் இதைக் கொடுத்துவிடுகிறேன். போனில் சொன்னால் டூட்டிக்கு நேரமாச்சும்மா என்று பாதியில் வைத்துவிடுவாய்.

மக்கா, எனக்கு உன்மேல் கடுங்கோபம். நகராட்சி வீட்டு வரியை மாற்றப்போவது உனக்குத் தெரியும். சின்ன வீடுகளுக்கு ஒரு பைசாவும் ஏறாது, மாடி வீடுகளுக்கு ஏறும், பூட்டிக் கிடக்கும் பெரிய வீடுகளுக்கும் கடைகளுக்கும் இன்னும் ஏறும். அந்தப் பணத்தில் படுக்கையில் கிடப்பவர்களின் வீட்டுக்குத் தினமும் ஒரு நர்சும் மத்தியானச் சாப்பாடும் வரும். இதை எதிர்த்துத் தெருச் சங்கத்தில் ராஜையன் மாமா எழுதிய மனுவில் நம் வீட்டு எண்ணுக்கு நேரே உன் பெயர் இருக்கிறது. வாட்ஸ்அப்பில் சம்மதம் சொன்னாயாம். என்னிடம் ஒரு வார்த்தை கேட்டியா? அது போதாதென்று தெருக் குழுவில், வீட்டுல கெடந்து தின்னுதவங்களுக்கு நாங்க எதுக்கு வெயில்ல காஞ்சு வரி கெட்டணும் என்று எழுதினாய். பதினொரு பேர் கைதட்டியிருந்தார்கள். அந்தக் குழுவில் லீமாவும் இருக்கிறாள் என்பது உனக்கு ஞாபகம் வரவில்லையா?

லீமாவின் புருஷன் சிலுவைதாசன்தான் நம் மேல்மாடியைக் கட்டிய கொத்தனார். பிளஸ் டூவில் உனக்குப் படிக்கத் தனி அறை வேண்டுமென்று நீ அடம்பிடித்துக் கட்டிய மாடி. இரண்டு வருஷத்துக்கு முன் தக்கலையில் வேறொரு வீட்டுச் சாரத்திலிருந்து விழுந்தவர் இன்றுவரை எழுந்திருக்கவில்லை, இடுப்புக்குக் கீழே உணர்வில்லை. லீமா காலை ஏழரைக்கு அண்டியாபீசுக்கு முந்திரிக்கொட்டை தல்லி உடைக்கப் போனால், சாயங்காலம் திரும்பும் வரைக்கும் அவரைப் புரட்டிப் படுக்கவைக்க ஆளில்லை. முதுகுப்புண் கையளவு ஆகிவிட்டது. வேலைக்குப் போகாவிட்டால் கஞ்சியில்லை, போனால் புண் பெருகுகிறது. அந்த நர்ஸ் வருவாள் என்பதைத்தான் அவள் நம்பியிருக்கிறாள். நீ எழுதிய மறுநாள் நம் கேட்டுக்கு வெளியே நின்று, எக்கா, ஒங்க மவன் எழுதுனதுல தப்பொண்ணும் இல்ல, அவரு வீட்டுல கெடந்துதான் திங்காரு, எந்திச்சு நடந்து தின்னும்னு நானும் டெய்லி சண்ட போடுதேன், கேக்க மாட்டேங்காரு என்று சொல்லிச் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. உள்ளே வா என்றேன். பஸ்சுக்கு நேரமாகிவிட்டது என்று போய்விட்டாள்.

அன்று முழுவதும் மனதுக்குள் உன்னைத் திட்டினேன். சாயங்காலமானபோது அந்தத் திட்டு என் பக்கமே திரும்பியது. மாடி கட்டி ஏழு வருஷமாகிறது, நகராட்சிக்கு நம் வீடு இன்றைக்கும் வெறும் ஓட்டு வீடுதான். எனக்குத் தெரியும். வருஷந்தோறும் வரி ரசீதை வாசித்துவிட்டு மடித்து வைத்தவள் நான்தான். நம் சபையில் போன அறுப்பின் பண்டிகை ஏலத்தில் ராஜையன் மாமாவோடு போட்டி போட்டு ஒரு ஏத்தன் வாழைக்குலையை உன் பெயரில் மூவாயிரத்து இருநூறு ரூபாய்க்கு எடுத்தவளும் நான்தான். மைக்கில் உன் பெயரைச் சொன்னார்கள், அதை வீடியோ எடுத்து உனக்கு அனுப்பினேன். நமக்கு இந்த வரியால் வருஷத்துக்குக் கூடப்போவது அந்தக் குலையின் விலைகூட இல்லை. வரி கட்டினால் மைக்கில் யாரும் சொல்ல மாட்டார்கள், அவ்வளவுதான் வித்தியாசம். இதை மாமாவிடமே கேட்டேன். அது ஆண்டவருக்கு, இது ஆபீசருக்கு, ரெண்டையும் போட்டுக் கொழப்பாத பூங்கனி என்றார். நர்ஸ் வரப்போறது ஆபீசர் வீட்டுக்கா மாமா என்று கேட்டுவிட்டு வந்துவிட்டேன். நகராட்சியில் வரிப்பணத்தைத் தின்கிறவன் இல்லையா என்று நீ கேட்பாய். இருப்பான். அவனைக் கேள்வி கேள், நானும் கூட வருகிறேன். அவனைச் சாக்குச் சொல்லி சிலுவைதாசனைப் பட்டினி போடாதே.

மனை என் சீதனம், வீடும் என் பெயரில்தான் இருக்கிறது. அதனால் திங்கட்கிழமை நகராட்சி ஆபீசுக்குப் போய் மேல்மாடியை அளக்கச் சொல்லி விண்ணப்பம் கொடுத்தேன். மனுவிலிருந்து நம் வீட்டு எண்ணை எடுக்கவும் எழுதிக் கொடுத்தேன். அங்கிருந்தவர் இரண்டு தடவை வாசித்துவிட்டு, எல்லாரும் கொறைக்கச் சொல்லித்தான் வருவாவ, நீங்க கூட்டச் சொல்லி வந்திருக்கியளே, வீட்டுல தெரியுமா என்று கேட்டார். தெரியாது. தெரிந்தபோது அப்பா, ஒனக்கு வட்டு புடிச்சிருக்கா, கிறுக்கியா நீ என்று கத்தினார், மஸ்கட்டில் பதினாறு வருஷம் பட்டதையெல்லாம் சொல்லிக் காட்டினார். அவர் பட்டது உண்மை. ஆனாலும் புதன்கிழமை அளக்க வந்தபோது டேப்பின் மறுமுனையை அவரே பிடித்தார், முகத்தை மட்டும் அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு.

அடுத்த வாரம் வியாழக்கிழமை கவுன்சில் கூட்டம். எதிர்ப்பு அதிகமானால் தள்ளிவைத்துவிடுவார்கள் என்று நம் வார்டு கவுன்சிலர் சபிதா சொல்கிறாள். வெளிநாட்டிலிருக்கும் நம் தெருப் பிள்ளைகள் ஒன்பது பேர் உன்னைப் பார்த்துத்தான் சம்மதம் சொன்னார்களாம். வீட்டு எண்ணை நான் எடுத்துவிட்டேன். நீ எழுதியதை நான் எடுக்க முடியாது. அதே குழுவில், கைதட்டினவர்கள் எல்லாரும் பார்க்க, நீயே தப்பு என்று எழுது. லீமாவுக்குத் தனியாக ஒரு ஸாரி அனுப்பி முடித்துக்கொள்ளலாம் என்று நினைக்காதே, அவளைத் தலைகுனிய வைத்தது எல்லார் முன்னாலும்தான்.

ஜின்சியிடம் சூரை மீன் ஊறுகாய் கொடுத்திருக்கிறேன், வந்ததும் ஃபிரிட்ஜில் வை. இராத்திரி ஷிப்ட் முடிந்து சாப்பிடாமல் படுக்காதே. ஆண்டவர் உன் உழைப்பை ஆசீர்வதிக்கட்டும், இரக்கமுள்ள மனதையும் உனக்குத் தரட்டும், தினமும் அதற்காகத்தான் முழங்காலில் நிற்கிறேன். வியாழனுக்கு முன் எழுதிவிடு. எழுதும்வரை ஞாயிற்றுக்கிழமை வீடியோ காலில் அப்பாவோடு மட்டும் பேசு.

உன் அம்மா,
பூங்கனி