முந்திரிக்கு வந்த நீர்க்கடுப்பு

மாடம்பாக்கம்
வெள்ளிக்கிழமை, ஜும்மாவுக்குப் பிறகு

அன்பு மகள் கைனாத்துக்கு அம்மா எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் கிருபையால் நானும் உன் அத்தாவும் முந்திரியும் இன்றைய தேதிக்கு நல்ல சுகம். நீயும் அந்தக் குளிரில் காதை மூடிக்கொண்டு வெளியே போய், நேரத்துக்குச் சாப்பிட்டுச் சுகமாக இருக்க தினமும் துஆ செய்கிறேன். வீடியோவில் பேசுகிறவள் எதற்குக் கடிதம் எழுதுகிறாள் என்று நினைப்பாய். போனை எடுத்தாலே உன் அத்தா பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொண்டு, புள்ளையப் பயமுறுத்தாதே என்று எனக்குக் கண்ணைக் காட்டுகிறார், நான் எதைப் பேசுவது. உன் மாமா மகன் ஷாகுல் நாளைக்கு நீ இருக்கும் லீட்ஸுக்கே கிளம்புகிறான், அதனால் இட்லிப் பொடி டப்பாவோடு இதையும் சேர்த்து வைக்கிறேன். இன்றைய தேதிக்கு என்று எழுதினேனே, அதற்குக் காரணம் இருக்கிறது, பதறாமல் கடைசிவரை படி.

போன வாரம் திங்கட்கிழமை காலையில் பால்கனியைப் பெருக்கிக்கொண்டிருந்தேன். கூண்டுக்குள் உன் கினி பிக் முந்திரி ஒரு மூலையில் முதுகைக் கூனிக்கொண்டு நின்று கத்தியது. ஃபிரிட்ஜ் கதவு திறந்தால் கொத்தமல்லிக்குக் கத்துமே, அந்தக் கத்தல் இல்லை, மெலிசாக இழுத்து இழுத்து. குனிந்து பார்த்தால் சிறுநீர் சொட்டுச் சொட்டாக விழுகிறது, ஒவ்வொரு சொட்டுக்கும் ஒரு கத்தல், கீழே விரித்த துணியில் இளஞ்சிவப்பாக ஒரு கறை. ஏர்போர்ட் வாசலில் எங்கள் இரண்டு பேரையும் விட்டுவிட்டு அதைத்தானே கட்டிக்கொண்டு அழுதாய், அதற்கு ஒன்று ஆனால் உனக்கு நான் என்ன பதில் சொல்வேன். கீழ் வீட்டு ஹேமாவதி அக்கா வந்து பார்த்துவிட்டு, இது வெயில் சூடு, நமக்கு வர்ற மாதிரி நீர்க்கடுப்பு, தொப்புள்ல நல்லெண்ணெய் வைம்மா, சாயந்தரத்துக்குள்ள சரியாப் போய்டும் என்றார். எண்ணெய்க் கிண்ணத்தை வைத்துக்கொண்டு இரண்டு பேரும் முந்திரியைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தோம், அவ்வளவு முடியில் தொப்புள் எங்கே இருக்கிறது என்று கடைசிவரை தெரியவில்லை. மத்தியானம் சாப்பிட வந்த உன் அத்தா அதன் பக்கத்தில் குத்த வைத்து உட்கார்ந்து ரொம்ப நேரம் பார்த்தார். பாவம், போறப்ப பிளேடு வச்சுக் கீர்ற மாதிரி இருக்கும் என்றார். அது எப்படி அவருக்கு அவ்வளவு உறுதியாகத் தெரியும் என்று அப்போது எனக்குக் கேட்கத் தோன்றவில்லை.

சாயங்காலம் மெயின் ரோட்டில் நாய்களுக்கு ஊசி போடும் டாக்டரிடம் கொண்டு போனோம். அவர் நல்ல மனிதர், நாய் பூனைன்னா நான் பார்ப்பேன், இதுல எனக்குப் பழக்கம் இல்ல, தெரியாம மருந்து குடுக்கக் கூடாது என்று சொல்லி, கேளம்பாக்கத்தில் முயல், கிளி எல்லாம் பார்க்கும் டாக்டர் ஜோசலின் என்ற பெண்ணின் நம்பரைக் கொடுத்தார். மறுநாள் காலையில் உன் அத்தா கடையைத் திறக்கவில்லை. மோட்டாருக்குச் செப்புக் கம்பிக் காயில் கட்டும் அந்தக் கடையை மழை வெள்ளத்துக்குக்கூட மூடாதவர், கூடையை மடியில் வைத்துக்கொண்டு, வண்டலூர் ரோடு முழுக்க ஒவ்வொரு வேகத்தடைக்கும் ஆட்டோக்காரரிடம், மெதுவாப்பா, உள்ள வலி தாங்காது என்று சொல்லிக்கொண்டே வந்தார். அங்கே சீட்டு எழுதும் பெண், மிருகத்தோடு உன் அத்தா பெயரையும் சேர்த்து, கினிப் பன்றி கரீம் என்று சத்தமாகக் கூப்பிட, உட்கார்ந்திருந்த அத்தனை பேரும் அவர் தாடியையும் என் பர்தாவையும் திரும்பிப் பார்த்தார்கள். உன் அத்தா எழுந்து நின்று, பேருதாம்மா அப்படி வச்சுட்டாங்க, இது எலி ஜாதி என்று அந்த ஹாலுக்கே விளக்கம் சொன்னார். நான் சிரிப்பை அடக்கத் தண்ணீர் குடிப்பது போல் திரும்பிக்கொண்டேன்.

டாக்டருக்கு உன் வயதுதான் இருக்கும். என்ன சாப்பிடுகிறது என்று கேட்டதும் உன் அத்தா பெருமையாக, தினமும் காலையில ஒரு கைப்பிடி பாலக் கீரை நானே என் கையால ஊட்டுறேன் என்றார். எனக்கே அது புதுச் செய்தி, வாங்குகிற கீரை கடைசலுக்குப் போதாமல் போன ரகசியம் அன்றைக்குத்தான் தெரிந்தது. தண்ணீர் பாட்டில் எத்தனை நாளில் காலியாகிறது என்று கேட்டார், அது எப்போதும் நிறைந்தேதான் இருக்கும் என்றேன் நான். எக்ஸ்ரே எடுத்ததில் சிறுநீர் வரும் வழியில், வாசலுக்குக் கொஞ்சம் முன்னால், மிளகு அளவுக்கு ஒரு கல். பாலக் கீரை அதிகமானா, தண்ணி குறைஞ்சா இப்படிக் கல்லு சேரும், இதனாலதான் முதுகைக் கூனிட்டு நிக்குது, சொட்டுச் சொட்டாப் போகுது என்று டாக்டர் படத்தைக் காட்டி விளக்கிக்கொண்டிருந்தார். உன் அத்தா மெல்லக் கேட்டார், விலாவுல ஆரம்பிச்சு அடிவயிறு வரைக்கும் சுருட்டி இழுக்குமா டாக்டர், நிக்கவும் முடியாம உக்காரவும் முடியாம. டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். அது அதுக்குத்தான் தெரியும் சார், உங்களுக்கு எத்தனை நாளா இருக்கு என்றார்.

நாற்பது நாளாம், கைனாத். கடைக்குப் பின்னாலிருந்த பாத்ரூமைக் கட்டிட வேலைக்காக இடித்துவிட்டார்களாம், போக இடம் இல்லை என்று இவர் காலையிலிருந்து மத்தியானம் வரை தண்ணீரே குடிக்காமல் இருந்திருக்கிறார். வலி வந்தால் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு உள்ளே படுத்துக்கொள்வாராம். பக்கத்திலேயே படுத்து எழுந்த எனக்குத் தெரியவில்லை, ஒரு எலி ஜாதிக்கு வலி வந்துதான் எனக்குத் தெரிய வேண்டியிருக்கிறது. ஆட்டோவில் திரும்பும்போது, நான் அழுதால் அவர் பயந்துவிடுவார் என்று வெளியே பார்த்துக்கொண்டு வந்தேன். முந்திரிக்கு நாங்கள் கிளம்பும் முன்பே மயக்க மருந்து கொடுத்துக் கல்லை எடுத்துவிட்டார்கள். உள்ளே புண் இருக்கும், கத்தல் நிற்க ஒரு வாரம் ஆகலாம் என்று வலி மருந்து கொடுத்து அனுப்பினார்கள். வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாகத் தண்ணீர் பாட்டிலைப் பார்த்தேன், நக்கினால் உருளும் அந்தச் சின்னக் குண்டில் போர் தண்ணீரின் உப்புப் படிந்து இறுகிக் கிடந்தது. நிறைந்த பாட்டிலுக்கு முன்னால் அந்த ஜீவன் தாகத்தோடு இருந்திருக்கிறது. நிறைத்து வைத்தது நான்தான், என் மேலும் தப்பு இருக்கிறது, கீரை மட்டும் காரணம் இல்லை. இப்போது பாட்டில் கிடையாது, மண் கிண்ணத்தில் கேன் தண்ணீர், வாய் நிறையக் காய்ந்த புல், குடமிளகாய், பாலக் அறவே இல்லை.

அடுத்த நாள் உன் அத்தாவைத் தாம்பரத்தில் ஸ்கேனுக்குக் கூட்டிப் போனேன். நாலு மில்லிமீட்டர் கல், ஆபரேஷன் வேண்டாம், மாத்திரையும் மூன்று லிட்டர் தண்ணீரும் போதும் என்றார்கள். சனிக்கிழமை அதுவும் தானாக வெளியே வந்துவிட்டது, அல்ஹம்துலில்லாஹ். நானே கடைக்குப் போய்ப் பக்கத்து மாவு மில் சிட்டிபாபு அண்ணனிடம் விஷயத்தைச் சொன்னேன். அவர் உன் அத்தாவைப் பார்த்து, இன்னா பாய், இத்த கேக்கவா இத்தினி நாளு கூச்சப்பட்டுகினு இருந்தே, மில்லு பாத்ரூம் தொறந்துதான் கீது என்று சாவியையே கையில் கொடுத்துவிட்டார்.

முந்திரி மட்டும் ஒரு வாரம் தாண்டியும் கத்திக்கொண்டே இருந்தது. மறுபடியும் கல்லோ என்று கூண்டில் விரித்த துணியை அடிக்கடி எடுத்துப் பார்த்தேன். நேற்றுக் காலையில் உன் அத்தா அதை மடியில் வைத்துப் பேப்பர் படித்துக்கொண்டிருந்தவர் திடீரென்று ஹஃபீசா, ஹஃபீசா என்று கூப்பிட்டார். அடுப்பை அணைத்துவிட்டு ஓடினேன். சலவை செய்த வெள்ளை லுங்கி முழுக்க நனைந்து தரையில் சொட்டுகிறது, மனிதர் அசையாமல் உட்கார்ந்திருக்கிறார். சத்தமே போடல ஹஃபீசா, முழுசாப் போயிடுச்சு, ஒரு சத்தம் போடல என்றார். கண் கலங்கியிருந்தது. நான் எவ்வளவு சொல்லியும் அது தூங்கி எழுகிறவரை லுங்கியை மாற்றவில்லை.

எல்லாவற்றையும் உன்னிடம் தானே சொல்வதாக ஒப்புக்கொண்டிருக்கிறார். சொல்லும்போது முதல் தடவை கேட்பது போல் கேட்டுக்கொள், திட்டாதே, நான் வேண்டிய அளவு திட்டிவிட்டேன். இட்லிப் பொடி டப்பாவில் ஈரக் கரண்டி போடாதே. அல்லாஹ் உனக்கு நல்ல சுகத்தையும் நீண்ட ஆயுளையும் படித்த படிப்புக்கு ஏற்ற வேலையையும் தரட்டும், ஆமீன்.

உன்னை நினைத்துக்கொண்டே இருக்கும்
அம்மா
ஹஃபீசா கரீம்